+1.5 என்றால் என்ன? சதுரங்க எஞ்சின் சொல்வதைப் படிக்கும் முறை

ஆட்டம் முடிகிறது. தோற்ற எரிச்சலோடு எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரலை, திறக்கிறோம். இருபத்து மூன்றாவது நகர்வில் எண் +0.4-இலிருந்து −2.1-க்குச் சரிந்திருக்கிறது, பக்கத்தில் சிவப்பில் இரண்டு கேள்விக்குறிகள். "இங்கேதான் கோட்டைவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம். பத்து விநாடிகூட ஆகவில்லை. கற்றுக்கொண்டதும் ஒன்றுமில்லை.

சதுரங்கம் ஆடுகிற எல்லோரும் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்கள். "எஞ்சின் சொல்லிவிட்டது" என்றால் அதற்கு மேல் பேச்சே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அது என்ன சொன்னது, எதை வைத்துச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டால் பலருக்கும் தெளிவில்லை. கையில் இவ்வளவு வலிமையான கருவி இருந்தும் அதை வெறும் மதிப்பெண் பலகையாக மட்டும் பார்க்கிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும், மற்றதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

## எண் எதைச் சொல்கிறது

காய்ச்சல் அளக்கும் வெப்பமானி 102 என்று காட்டுகிறது. உடம்பு சரியில்லை என்பது தெரிகிறது. என்ன நோய், என்ன மருந்து என்பது தெரியவில்லை. எஞ்சின் காட்டும் எண்ணும் அப்படித்தான். இந்த எண்ணுக்கு மதிப்பீடு என்று பெயர். கூட்டல் குறி வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் குறி கறுப்புக்குச் சாதகம், 0.00 என்றால் சமன். பெரும்பாலான திரைகளில் இதுதான் வழக்கம். சில மென்பொருள்கள் மட்டும் யார் ஆட வேண்டுமோ அவர் பக்கமிருந்து எண்ணைக் காட்டும். புதிதாக ஒரு மென்பொருளைத் திறந்தால் முதலில் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணின் அலகு சிப்பாய். குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று தொடக்கத்தில் கற்றுக்கொள்கிறோம் அல்லவா, அந்தக் கணக்கில் சிப்பாயின் மதிப்பு 1. (பிஷப்பைத்தான் இங்கே மந்திரி என்கிறேன்.) ஆகவே +1.5 என்றால் வெள்ளையிடம் ஒன்றரைச் சிப்பாய் கூடுதலாக இருப்பதற்கு ஒப்பான சாதகம் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் பலகையில் இரு பக்கமும் காய்கள் சமமாக இருக்கும்போதே +1.5 வரும். ஒரு பக்கத்தின் ராஜா திறந்த வெளியில் நிற்கிறது, மறுபக்கத்தின் குதிரை நடுப்பலகையில் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. இவையெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்று அதிகம் பயன்படும் இலவச எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ், 2022-இன் இறுதியிலிருந்து இந்த எண்ணுக்கு வேறொரு பொருள் வைத்திருக்கிறது. +1.00 என்று அது காட்டினால், தனக்கு நிகரான எஞ்சினோடு அந்த நிலையிலிருந்து ஆடினால் வெள்ளை வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம் என்று அர்த்தம். மீதியில் பெரும்பகுதி சமனில் முடியும். ஆக, +1.00 என்பது "வெள்ளை வென்றாயிற்று" என்ற தீர்ப்பு ஆகாது. எஞ்சின்களுக்கிடையிலேயே பாதிக்குப் பாதிதான். உங்களுக்கும் உங்கள் எதிராளிக்கும் அந்தச் சதவீதம் என்னவாக இருக்கும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை.

## எஞ்சின் என்ன செய்கிறது

நாம் யோசிக்கும்போது "நான் இதை ஆடினால் அவர் அதை ஆடுவார், பிறகு நான்..." என்று போகிறோம். எஞ்சினும் இதையேதான் செய்கிறது, ஆனால் நம்மால் எட்டிப்பார்க்க முடியாத அளவில்.

தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்பின் ஒவ்வொரு பதிலையும் சேர்த்தால் 400 வழிகள். வெள்ளையின் இரண்டாவது நகர்வோடு 8,902. கறுப்பின் இரண்டாவது பதிலோடு 1,97,281. இரு பக்கமும் மும்மூன்று முறை ஆடி முடித்தால் 11,90,60,324. மூன்றே நகர்வில் பதினோரு கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவதை அரை நகர்வு என்பார்கள். எத்தனை அரை நகர்வு தொலைவு பார்த்தது என்பதே எஞ்சின் திரையில் தெரியும் ஆழம்.

ஒவ்வொரு கிளையின் நுனியிலும் எஞ்சின் அந்த நிலைக்கு ஒரு மதிப்பு போடுகிறது. பிறகு நுனியிலிருந்து வேரை நோக்கித் திரும்பி வருகிறது. வெள்ளை ஆட வேண்டிய இடத்தில் மிக உயர்ந்த எண்ணையும், கறுப்பு ஆட வேண்டிய இடத்தில் மிகத் தாழ்ந்த எண்ணையும் எடுத்துக்கொள்கிறது. அதாவது இரு பக்கமும் தம்மால் முடிந்த மிகச் சிறந்ததையே ஆடும் என்று வைத்துக்கொள்கிறது. இந்த அனுமானத்தை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

எல்லா வழிகளையும் அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். ஏற்கெனவே ஒரு நல்ல வீடு பார்த்து வைத்திருக்கிறோம். புது வீட்டுக்குள் நுழைந்ததும் கூரை ஒழுகுவது தெரிந்துவிட்டால், சமையலறை எவ்வளவு அகலம் என்று அளந்துகொண்டிருக்க மாட்டோம். எஞ்சினும் அப்படியே. நாம் ஒரு நகர்வைச் செய்தால் எதிராளிக்கு அடித்து நொறுக்கும் பதில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த கணமே அந்த நகர்வைக் கைவிடுகிறது. அதைவிட மோசமான பதில் இருக்கிறதா என்று தேடுவது வீண் வேலை. இதற்கு ஆல்ஃபா-பீட்டா வெட்டு என்று பெயர். நல்ல நகர்வுகளை முதலில் பார்க்கும்படி வரிசை அமைந்துவிட்டால், இந்த வெட்டினால் அதே உழைப்பில் ஏறக்குறைய இரட்டிப்பு ஆழத்துக்குப் போக முடியும்.

நுனியில் மதிப்பு போடும் வேலை இருக்கிறதே, அது முன்பு மனிதர்கள் எழுதிக்கொடுத்த விதிகளால் நடந்தது: இரட்டைச் சிப்பாய்க்கு இவ்வளவு குறை, திறந்த வரிசையில் நிற்கும் யானைக்கு இவ்வளவு கூடுதல் என்று. இப்போது அந்த இடத்தை நரம்பு வலைப்பின்னல் பிடித்துக்கொண்டது. கோடிக்கணக்கான நிலைகளையும் அவற்றின் மதிப்புகளையும் காட்டிப் பழக்கிய கணக்கு இயந்திரம் என்று இதைப் புரிந்துகொண்டால் போதும். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக 2018-இல் யூ நாசு உருவாக்கிய ஒரு வகை வலைப்பின்னலை ஸ்டாக்ஃபிஷ் 2020-இல் எடுத்துக்கொண்டது. அதன் வலிமை ஒரே தாவலில் உயர்ந்தது. 1997-இல் அன்றைய முதல்நிலை வீரர் காஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினி விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இன்று ஒரு கைப்பேசியில் ஓடும் எஞ்சின் அதைவிட மிகக் குறைவாகவே பார்க்கிறது, ஆனாலும் எந்த மனிதரையும் வெல்கிறது. எதைப் பார்க்காமல் விடலாம் என்பதையும், பார்த்ததை எப்படி எடைபோடுவது என்பதையும் அது கற்றுக்கொண்டதுதான் வித்தியாசம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: எஞ்சின் கிளை கிளையாகத் தேடுகிறது, பயனற்ற கிளைகளை வெட்டுகிறது, நுனியில் மதிப்பு போடுகிறது, இரு பக்கமும் சிறப்பாக ஆடும் என்று எடுத்துக்கொண்டு வேருக்குத் திரும்புகிறது. திரையில் தெரிவது அந்தப் பயணத்தின் முடிவில் வந்த எண்.

## வெளிச்சம் எட்டும் தூரம்

இரவில் வண்டி ஓட்டும்போது முகப்பு விளக்கு எட்டும் தூரம் வரைதான் சாலை தெரியும். அதற்கு அப்பால் பள்ளம் இருந்தாலும் நமக்கு அது சமதரைதான். எஞ்சினின் ஆழமும் அப்படி ஒரு விளக்கு.

ஒரு பழைய பொறியைப் பாருங்கள். (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கட்டங்களின் பெயர் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை.) வெள்ளையின் மந்திரி ஏ7-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாயை அடிக்கிறது. கறுப்பு பி7 சிப்பாயை பி6-க்கு ஒரு கட்டம் தள்ளுகிறது. மந்திரி வந்த வழி அடைபட்டுவிட்டது. பி8 கட்டத்தையும் கறுப்பின் யானை காவல் காத்தால் மந்திரிக்கு வெளியேற வழியில்லை. கறுப்பு ராஜா அவசரமே இல்லாமல் நடந்து வந்து அதை எடுத்துக்கொள்ளும். ஆழம் குறைவாகத் தேடும் எஞ்சினுக்கு முதல் காட்சியில் தெரிவது "ஒரு சிப்பாய் லாபம்" மட்டுமே. ராஜா வந்து சேரும் நகர்வு விளக்கின் வெளிச்சத்துக்கு வெளியே கிடக்கிறது. 1972 உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் பாபி ஃபிஷரே எச்2 சிப்பாயை மந்திரியால் அடித்து, அது இதே போல் அடைபட்டு, ஆட்டத்தைத் தோற்றார்.

எஞ்சின்களுக்கு இதில் இன்னொரு விநோதப் பழக்கமும் இருந்தது. மந்திரி பறிபோவது தெரியத் தொடங்கியதும் இங்கே ஒரு சிப்பாயைக் கொடுக்கும், அங்கே ஒரு வீண் செக் கொடுக்கும். ஒவ்வொன்றும் இழப்பை இரண்டு அரை நகர்வு தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போனதும் அது வெளிச்சத்துக்கு வெளியே போய்விடுகிறது. உடனே எஞ்சின் "தப்பித்தோம்" என்று நினைத்துக்கொள்கிறது. இந்த மாதக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போல. 1970-களில் இதைச் சுட்டிக்காட்டிய ஹான்ஸ் பெர்லினர், தபால்வழிச் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாகவும் கணினி அறிவியலாளராகவும் இருந்தவர். அவர் இதைத் தொடுவான விளைவு என்றார்.

இன்றைய எஞ்சின்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. அடிபிடி நடந்துகொண்டிருக்கும் நடுவில் அவை கணக்கை நிறுத்துவதில்லை. ராணி ஒரு சிப்பாயை அடித்த கணத்தோடு நிறுத்தினால் லாபமாகத் தெரியும், அடுத்த நகர்வில் அந்த ராணியே போகும் என்பதால், பலகை அமைதியாகும் வரை தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் மதிப்பு போடுகின்றன. என்றாலும் ஆழம் 30 என்று திரையில் தெரிந்தால் முப்பது அரை நகர்வுக்குள் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டது என்று நம்ப வேண்டாம். நம்பிக்கை தராத கிளைகளை அது மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். செக்குகளும் அடிகளும் நிறைந்த கிளைகளில் முப்பதைத் தாண்டியும் போயிருக்கும்.

## 0.00 என்ற பொல்லாத எண்

பலரை மிகவும் ஏமாற்றுவது இதுதான். 0.00 என்றதும் "சப்பென்ற நிலை, ஒன்றுமில்லை" என்று கடந்துவிடுகிறார்கள். ஒரு ராஜாவைச் சுற்றி மறுபக்கத்தின் எல்லாக் காய்களும் சூழ்ந்து நிற்க, துல்லியமாக ஆடினால் ஓயாமல் செக் கொடுத்தே சமனில் முடியும் நிலைக்கும் 0.00 வரும். இரு ராஜாக்கள் மட்டும் மிஞ்சிய வெற்றுப் பலகைக்கும் அதே 0.00.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரும் ஆறரைப் புள்ளிகளில் சமம். வெள்ளையில் அன்றைய சாம்பியன் டிங் லிரென், கறுப்பில் குகேஷ். ராணிகள் எப்போதோ வெளியேறிவிட்டன. இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்புக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். எஞ்சின் சமன் என்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சமனையே எதிர்பார்த்தார்கள். 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

மாற்றிக்கொண்டதும் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் வைத்தார். வெள்ளையின் மந்திரி ஏ8-இல், பலகையின் மூலையில் நிற்கிறது. அங்கிருந்து அதற்கு ஒரே ஒரு சாய்வுக் கோடுதான். அந்தக் கோட்டில்தான் டி5-உம் இருக்கிறது. பி7-க்கோ சி6-க்கோ போனாலும் அடிபடும், இருந்த இடத்தில் இருந்தாலும் அடிபடும். ஆக டி5-இல் மந்திரியை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கறுப்பு ராஜா அதைத் திருப்பி அடித்ததும் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிச்சம். அங்கே அந்த ஒற்றைச் சிப்பாய்க் கூடுதலே வெற்றி. 58-ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 55-ஆவது நகர்வுக்கு முன்பு எஞ்சின் சமன் என்று சொன்னது பொய்யா? இல்லவே இல்லை. யானையை மாற்றாமல் வைத்திருந்தால் ஆட்டம் சமனில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். இரு பக்கமும் சிறப்பாக ஆடும் என்ற அனுமானத்தில் பிறந்த எண் அது. ஐம்பது நகர்வுக்கும் மேல் ஆடிக் களைத்த ஒரு மனிதர், "காய்களைக் குறைத்தால் சமன் இன்னும் பக்கத்தில் வரும்" என்று நினைப்பது எவ்வளவு இயல்பு என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. மூலையில் நிற்கும் மந்திரியால் வந்த ஆபத்தை 0.00 என்ற எண்ணிலிருந்து யாராலும் படித்திருக்க முடியாது, அங்கே உட்கார்ந்து "மாற்றினால் என்ன?" என்று கேட்டிருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும்.

ஒரு முடிவு ஆட்டத்தின் தலையெழுத்தை மாற்றும் இடத்தைத் திருப்புமுனை நிலை என்று வைத்துக்கொள்வோம். அதன் அடையாளம் எண்ணின் அளவில் இல்லை. நல்ல நகர்வுக்கும், இயல்பாகத் தோன்றும் மற்ற நகர்வுகளுக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2018-இல் லண்டனில் நடந்த கார்ல்சன்–கருவானா உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், 68-ஆவது நகர்வில் கறுப்பில் ஆடிய கருவானாவுக்கு வெற்றி இருப்பதாக எஞ்சின் கண்டுபிடித்தது. அந்த வழியில் கறுப்புக் குதிரை தன்னைத்தானே புதைத்துக்கொள்வது போல ஜி1 கட்டத்துக்குப் போக வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தது. அதை "கருவானா தவறவிட்ட வெற்றி" என்று எழுதுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பல நகர்வுகள் தள்ளிப் பலன் தரும் அப்படி ஒரு குதிரை நகர்வை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மனிதர் தேடவே மாட்டார். எஞ்சினுக்கு உள்ள வெற்றி வேறு, பலகையின் முன் அமர்ந்தவருக்கு உள்ள வெற்றி வேறு.

## எஞ்சினிடம் கேட்கும் விதம்

இனி நம் ஆட்டத்துக்கு வருவோம். எண் சரிந்த அந்த நிலையைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை இன்னும் திறக்க வேண்டாம்.

முதலில் நீங்களே யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள்: ஆட்டத்தின்போது என்னென்ன நகர்வுகளைப் பார்த்தேன், எதற்கு அஞ்சினேன், யாருக்குச் சாதகம் என்று நினைத்தேன். இரண்டு வரி போதும். விடையை ஒருமுறை பார்த்துவிட்டால் "இது எனக்கும் தெரிந்ததுதானே" என்று மனம் சொல்லிவிடும். எழுதி வைத்திருந்தால் மனம் அப்படி ஏமாற்ற முடியாது. எஞ்சின் ஆய்வில் மிகப் பெரிய பலன் தருவது இந்தப் படிதான் என்பது என் உறுதியான எண்ணம். மிக அதிகமாகத் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

பிறகு எஞ்சினைத் திறந்து, ஒரே ஒரு வரிசைக்குப் பதிலாக மூன்று வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். வரிசை என்பது எஞ்சின் இரு பக்கத்துக்கும் சிறந்தது என்று கருதும் நகர்வுகளின் தொடர். மூன்றின் எண்களும் +0.3, +0.2, +0.2 என்று ஒட்டி நின்றால் அந்த இடத்தில் எதை ஆடினாலும் பெரிய வித்தியாசமில்லை. முதல் நகர்வைக் கண்டுபிடிக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. முதலாவது 0.00, இரண்டாவது −3.5 என்றால் ஒரே ஒரு நகர்வுதான் காப்பாற்றுகிறது. அங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

உடனே எண்ணை நம்பிவிடாமல் சற்று ஓட விடுங்கள். ஆழம் 15-இல் முதலில் நிற்கும் நகர்வு 25-இல் மூன்றாவதாகப் போகலாம். எண் குதித்துக்கொண்டே இருந்தால் நிலை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து செய்ய வேண்டியதுதான் உண்மையான ஆய்வு. தாளில் எழுதி வைத்த உங்கள் நகர்வு எஞ்சினின் பட்டியலில் இருக்காது. அதைப் பலகையில் செய்து பாருங்கள். எஞ்சின் எதிராளியின் பதிலைக் காட்டும். அந்தப் பதில் ஏன் வலுவானது என்று உங்களுக்குப் புரிகிறதா? புரியவில்லையென்றால், உங்களுக்குத் தோன்றும் தற்காப்பைச் செய்யுங்கள். அதையும் எஞ்சின் உடைக்கும். இப்படி நான்கைந்து நகர்வு சென்றதும் ஓரிடத்தில் "அட, அந்தக் குதிரைக்குப் பின்வாங்க இடமே இல்லை" என்று கண்ணில் படும். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை பாடும். எஞ்சின் காரணம் சொல்லாது, ஆனால் நாம் கேட்கும் ஒவ்வொரு "இப்படி ஆடினால்?" என்ற கேள்விக்கும் சலிக்காமல் பதில் தரும். அந்தப் பதில்களிலிருந்து காரணத்தை நாம்தான் கோத்தெடுக்க வேண்டும்.

இப்படி வரிசைக்குள் முன்னே சென்று திரும்பி வருவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஏற்கெனவே கணக்கிட்ட நிலைகளை எஞ்சின் ஒரு நினைவுப் பட்டியலில் சேர்த்து வைக்கிறது. நீங்கள் ஐந்து நகர்வு முன்னே போய் அங்கே சற்று நேரம் ஓடவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினால், அங்கே கண்டறிந்தது இங்குள்ள மதிப்பீட்டிலும் எதிரொலிக்கும். நின்ற இடத்திலிருந்தே தெரியாத பள்ளத்தை, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது போல.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது இன்னொரு நல்ல வழி. சிங்கப்பூர் நிலையில் வெள்ளை மந்திரியை ஏ8-இலிருந்து எடுத்து, தப்பிப் போக வேறு கோடு உள்ள கட்டத்தில் வைத்து, அதே யானை மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். எண் விழவில்லையென்றால் தோல்விக்குக் காரணம் மூலையில் நின்ற மந்திரிதான் என்பது உறுதி. ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி வைப்பது, ராஜாவைப் பக்கத்துக் கட்டத்தில் வைப்பது என்று இந்தச் சோதனையை எந்த நிலையிலும் செய்யலாம்.

எதிராளியின் திட்டம் புரியவில்லையா? நம் முறையை விட்டுக்கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பல மென்பொருள்களில் அச்சுறுத்தலைக் காட்டும் பொத்தான் இதற்கென்றே இருக்கிறது. நம் ராஜா செக்கில் இருக்கும்போது மட்டும் இது வேலை செய்யாது.

சுருக்கமாக: முதலில் உங்கள் கருத்து, பிறகு மூன்று வரிசைகளின் இடைவெளி, பிறகு உங்கள் நகர்வுக்கு எஞ்சினின் மறுப்பு, கடைசியாக ஒன்றை மாற்றிச் சோதனை.

## எண் பெரிது, வெற்றி இல்லை

வெள்ளையிடம் ராஜா, எச் வரிசையில் ஒரு சிப்பாய், வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரி. கறுப்பிடம் ராஜா மட்டும், எச்8 மூலையில். காய்க் கணக்கில் வெள்ளை நான்கு சிப்பாய் மேலே. ஆனால் எச்8 கறுப்புக் கட்டம். வெள்ளை மந்திரியால் அதைத் தொடவே முடியாது. கறுப்பு ராஜாவை மூலையிலிருந்து கிளப்ப வழியில்லை. ஆட்டம் சமன்.

எவ்வளவு பலம் இருந்தாலும் உள்ளே நுழைய முடியாத இப்படிப்பட்ட அமைப்பைக் கோட்டை என்பார்கள். இந்த எளிய கோட்டையை இன்றைய எஞ்சின்கள் அறியும். காய்கள் அதிகமுள்ள சிக்கலான கோட்டைகளில் இன்றும் அவை +2, +3 என்று காட்டிக்கொண்டே இருப்பதுண்டு. கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: ஆழம் 20, 30, 40 என்று கூடுகிறது, எண் மட்டும் நகரவே இல்லை, எஞ்சினின் வரிசையில் யானை இங்கும் அங்கும் உலாவுகிறது, ஒரு சிப்பாயும் முன்னேறவில்லை. அப்போது சந்தேகப்படுங்கள். உண்மையான வெற்றி என்றால் ஆழம் கூடக்கூட எண்ணும் ஏறும்.

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் எஞ்சினின் மதிப்பீடே தேவையில்லை. அத்தகைய நிலைகளின் முடிவு பின்னிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டு டேபிள்பேஸ் என்ற தரவுத்தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ளது மதிப்பீடு கிடையாது, நிரூபணம்: வெற்றி, தோல்வி, சமன். மாஸ்கோவின் லோமோனோசோவ் டேபிள்பேஸில் செக்மேட்டுக்கு 549 நகர்வுகள் தேவைப்படும் ஒரு நிலையும் உண்டு.

## நிலையைச் சரியாக வைத்தீர்களா

தாளில் எழுதிய ஆட்டத்திலிருந்து ஒரு நிலையைக் கையால் அடுக்கும்போது பலர் காய்களை மட்டும் சரிபார்க்கிறார்கள். அரண் கட்டும் (காஸ்லிங்) உரிமை இன்னும் இருக்கிறதா, போகிற போக்கில் சிப்பாயை அடிக்கும் (ஆன் பாசான்) வாய்ப்பு உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக யார் ஆட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் வெள்ளைதான் ஆட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த நான்கு காய்களையும் அடுக்கிப் பார்க்கலாம். வெள்ளை ராஜா டி5, வெள்ளைச் சிப்பாய் இ4. கறுப்பு ராஜா எஃப்4, கறுப்புச் சிப்பாய் இ5. இரண்டு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன; ஒவ்வொரு ராஜாவும் தன் சிப்பாயைக் காத்துக்கொண்டு எதிர்ச் சிப்பாயை மிரட்டுகிறது. வெள்ளை ஆட வேண்டும் என்றால், ராஜா எங்கே நகர்ந்தாலும் இ4-ஐக் கைவிட்டாக வேண்டும். கறுப்பு அதை எடுத்து வெல்கிறது. கறுப்பு ஆட வேண்டும் என்றால் அப்படியே தலைகீழ், வெள்ளை வெல்கிறது. முறையை விட்டுக்கொடுத்துப் பார்க்கும் உத்தியும் இங்கே எடுபடாது, ஏனென்றால் நகர்ந்தாக வேண்டும் என்பதே இங்கே தண்டனை. காய்கள் ஒரு கட்டம்கூட மாறவில்லை; யார் ஆட வேண்டும் என்ற அந்தப் பொத்தானை மாற்றினால் மட்டும் போதும், எண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும்.